கையில் கொடுத்த இரும்பு

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள மண்டகப்பட்டுக்கு வெளியூரார் வருவது பெரும்பாலும் ஒரு கல்வெட்டுக்காக. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் அது. முகப்பின் இரு ஓரங்களிலும் வாயிற்காவலர் நிற்க, உள்ளே மூன்று கருவறைகள் வெறுமையாக இருக்கின்றன. பல்லவ கிரந்தத்தில் பொறிக்கப்பட்ட வடமொழிச் சுலோகம், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் இதை அமைத்ததாக அறிவிக்கிறது. கலை வரலாறு படிக்கும் மாணவர் அனைவருக்கும் மனப்பாடமான செய்தி இது.

நான் எழுதப் புகுந்தது கோயிலைப் பற்றியன்று. உலோகமின்றி ஒரு காரியத்தைச் செய்து முடித்ததாக ஓர் அரசன் பெருமிதத்தோடு பொறித்துவைத்த பாறை நிற்கும் இதே வட்டாரத்தில், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குக் கைகால் வெட்டி இழுத்தால் வீட்டார் முதலில் தேடுவது ஒரு துண்டு இரும்பை. சாவிக்கொத்து, அரிவாள், கதவுத் தாழ்ப்பாளின் கம்பி என எது அகப்பட்டாலும் சரி. 'கையில இரும்பைக் குடு' என்ற குரல் அண்டை வீட்டிலிருந்தே வந்துவிடும். செஞ்சிப் பக்கத்துக்கு மட்டும் உரிய வழக்கமில்லை இது, தமிழகமெங்கும் உண்டு. பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் கத்தி வைப்பதும், கறிச்சோறு எடுத்துச் செல்லும் பாத்திரத்தில் ஆணி போடுவதும் இதே நம்பிக்கையின் கிளைகள். அழைக்காமல் வரும் ஒன்று இரும்புக்கு அஞ்சும் என்பது அவற்றின் உட்பொருள்.

அந்த 'ஒன்றுக்கு' நம் மொழி இட்ட பெயர்களைச் சற்றுப் பார்க்கலாம். வலித்தல் என்பதன் பழைய பொருள் இழுத்தல். துடுப்பு வலிப்பதும் தேர்வடம் வலிப்பதும் நாம் அறிந்தவை. வலிப்பு, இழுப்பு, இசிவு ஆகிய மூன்று சொற்களும் உடலை யாரோ வெளியிலிருந்து பற்றி இழுப்பதாகவே காட்டுகின்றன. இவற்றுள் இழுப்பு என்ற சொல் கவனத்துக்குரியது. கைகால் வெட்டுவதும் இழுப்பு. மார்பில் சளி கட்டி மூச்சு வாங்குவதும் இழுப்பு. சளியும் காய்ச்சலுமாகத் தொடங்கி வலிப்பில் முடியும் ஓர் இரவைக் கண்ட தாய்க்கு இரண்டையும் பிரித்துப் பெயரிட அவகாசம் இருந்திராது என்று எண்ணிக்கொள்கிறேன். இது என் ஊகம் மட்டுமே. சொல்லாராய்ச்சியாளர் வேறு காரணம் காட்டக்கூடும்.

சித்த மருத்துவத்தின் குழந்தை நூல்கள், பாலவாகடம் என்ற பெயரில் வழங்குபவை, வேறு ஒரு வரிசையைத் தருகின்றன. மாந்தம், கணம், தோஷம், கிரகம் என்பவை அவற்றின் தலைப்புகள். செரிமானக் கேட்டோடு சேர்ந்தது மாந்தம். சுரம், இருமல், மூச்சுத் திணறல், உடல் மெலிவு ஆகியவற்றோடு தொடர்ந்து வாட்டுவது கணம். இரண்டின் முற்றிய நிலையிலும் வலிப்பு பேசப்படுகிறது. வைத்தியரல்லாதவர் நாவில் இவையெல்லாம் சன்னி என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. வடமொழியின் சந்நிபாதம் தேய்ந்து பிறந்த இச்சொல் கடலைத் தாண்டிச் சிங்களத்துக்கும் போயிருக்கிறது. இலங்கையின் தென்கரையில் பதினெட்டு முகமூடிகள் அணிந்து ஆடி விரட்டப்படும் பதினெட்டு நோய்ப் பேய்களுக்கும் சன்னி என்றே பெயர்.

காய்ச்சல்தான் முதலில் வருகிறது என்பதைப் பழையவர்கள் நன்றாகக் கவனித்திருந்தார்கள். இராவணன் பெயரில் வழங்கும் குமாரதந்திரம் என்ற சிறு வடமொழி நூல், குழந்தை பிறந்த முதல் நாள், முதல் மாதம், முதல் ஆண்டு என்று தொடங்கிப் பன்னிரண்டுவரை, ஒவ்வொரு படியிலும் அதைப் பற்றவரும் ஒரு தாய்த்தெய்வத்தைக் குறிப்பிடுகிறது. அவள் பற்றியவுடன் முதலில் தோன்றுவது சுரம். பிறகே உடல் முறுக்கலும் பிறவும். இந்நூலையும், திபெத், சீனம், கம்போடியம், அரபு ஆகிய மொழிகளில் இதற்கு இணையாக உள்ள நூல்களையும் ஒப்பிட்டு 1937இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டவர் ழான் ஃபிலியோசா. கண் மருத்துவராகப் பயின்றவர். செஞ்சியிலிருந்து எட்டிவிடும் தொலைவில் உள்ள புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. ஒரு மருத்துவர் பேய்நூலை மருத்துவ நூலாக வாசிக்கத் துணிந்தது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

சுசுருதம் குழந்தைகளைப் பற்றும் ஒன்பது கிரகங்களைப் பட்டியலிடுகிறது. கண்ணனுக்கு நஞ்சுப்பால் கொடுத்தவளாக நாம் அறிந்த பூதனை அதில் ஒரு நோய். குருட்டுப் பூதனை, குளிர்ப் பூதனை என்று அவளுக்கு உடன்பிறப்புகளும் உண்டு. பட்டியலின் தலையில் நிற்பவன் கந்தன். அவனை அடுத்துக் கந்தாபஸ்மாரம், நினைவிழந்து நுரை தள்ளும் நிலை. மகாபாரதத்தின் வனபருவமும் கந்தனின் பரிவாரம் பதினாறு வயதுவரை குழந்தைகளைப் பற்றும் என்கிறது. முருகன் பிள்ளைகளைக் காப்பவன் என்றே பழகிய தமிழ் வாசகருக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் சங்கப் பாடல்களில் 'அணங்கும்' முருகை எண்ணினால் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. பற்றுபவனே காப்பவன், அவனிடமே வேண்டிக்கொள்ள வேண்டும்.

அந்த வேண்டுதலுக்கு நம் இலக்கியத்தில் நீண்ட தடம் இருக்கிறது. புலிப்பல் கோத்த தாலியைக் குறுந்தொகையின் 161ஆம் பாட்டில் ஒரு சிறுவன் அணிந்திருக்கிறான். தாலியை இன்னும் கழற்றாத நிலையிலேயே போருக்குப் புறப்பட்ட இளம் நெடுஞ்செழியனைப் புறநானூற்றின் 77ஆம் பாட்டு வியக்கிறது. திருமாலின் ஐந்து படைக்கலங்களைச் சிறிதாக வார்த்துக் கோத்த ஐம்படைத்தாலி பிற்காலம்வரை தொடர்ந்தது. பெரியாழ்வார் அந்திப்பொழுதில் கண்ணனுக்குக் காப்பிட அழைக்கிறார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. இன்றைய மருத்துவம் காய்ச்சல் வலிப்புக்கு வகுத்திருக்கும் வயது ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை. செங்கீரையாடி முடித்துச் சப்பாணி கொட்டி, நிலவை அழைத்து, சிற்றில் சிதைக்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. புலவர் மருத்துவம் கருதிப் பாடினார் என்று சொல்ல வரவில்லை. எந்த வயதில் பிள்ளையை இழக்க நேரும் என்ற அச்சம் எல்லார்க்கும் பொதுவாக இருந்தது என்பது மட்டும் தெரிகிறது. கிரேக்கத்திலும் இப்படியே: இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் முன்கணிப்பு நூல், கடுங்காய்ச்சலில் குழந்தைகளுக்கு வலிப்பு வரும் என்றும், ஏழு வயதுவரை அது எளிதில் நேரும் என்றும், அதன்பின் அவ்வளவாக இல்லை என்றும் எழுதிவைத்திருக்கிறது.

இதனோடு கலந்துவிடக் கூடாத இன்னொன்று முயலகன். மகேந்திரவர்மனின் அதே நூற்றாண்டில் வாழ்ந்த சம்பந்தர், திருச்சிக்கு அருகேயுள்ள திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவனின் மகளுக்கு இருந்த முயலகன் நோயைப் பதிகம் பாடி நீக்கியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஆடவல்லானின் காலடியில் கிடக்கும் அந்தக் குள்ள உருவம் தீரா வலிப்பின் வடிவம், வடமொழியில் அபஸ்மாரம். மழவனின் மகள் கன்னிப்பெண், அவள் நோய் நாட்பட்டது, சுரத்தைப் பற்றிப் பேச்சில்லை. முயலகனுக்கும் காய்ச்சல் வலிப்புக்கும் தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. வழியும் முடிவும் வேறு. இவை இரண்டையும் ஒன்றென எண்ணியதால் விளைந்த கேடுகள் நம் ஊர்களில் குறைவல்ல. மூன்று வயதில் ஒருமுறை காய்ச்சலில் வெட்டி இழுத்த பெண்ணுக்கு இருபது வயதில் 'அந்த நோய் உண்டாமே' என்று வரன் தட்டிப்போவதைக் கேட்டறியாதவர் யார்?

இனி இரும்புக்கு வருவோம். அது பலித்தது. பலித்திராவிட்டால் இத்தனை நூற்றாண்டுகள் நின்றிராது. காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில், மிஞ்சினால் ஐந்து நிமிடத்துக்குள், தானாகவே அடங்கிவிடுவது. பதறிய வீட்டில் சாவியைத் தேடி எடுத்துக் குழந்தையின் விரல்களைப் பிரித்துத் திணிப்பதற்கும் அதே நேரம் ஆகும். இரும்பு உள்ளங்கையைத் தொட்டது, வெட்டு நின்றது. கண்ணால் கண்ட சாட்சியை யார் மறுப்பது? சுட்ட வசம்பின் புகையும் மஞ்சள் கரித்த நெடியும் செருப்பை முகரவைப்பதும் வெங்காயச் சாறும் இப்படியே பெயர் பெற்றன. தானே தீரும் நோய்க்கு எந்த மருந்தும் கைகண்ட மருந்துதான்.

இரும்பு குளிர்ந்திருக்கும்வரை பெரிய தீங்கில்லை. காய்ச்சிய இரும்பின் கதை வேறு. வலிப்புக்கும் மஞ்சட்காமாலைக்கும் சூடு போடும் வழக்கம் தமிழகத்தில் பல இடங்களில் இருந்தது. தழும்போடு உலவும் முதியவர்களை இன்றும் காணலாம். வட இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளில் மார்புச்சளிக்கே சூடு உண்டு. 2023 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தின் சாடோல் மாவட்டத்தில், நிமோனியா கண்ட மூன்று மாதக் குழந்தைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட சூடுகள் இழுக்கப்பட்டன, குழந்தை பிழைக்கவில்லை. பல்லிடுக்கில் கரண்டியைச் செருகுவது இதைவிடப் பரவலான வழக்கம். நாக்கைக் கடித்துக்கொள்ளும் என்ற அச்சத்தில் செய்வது. பல் உடைவதும் மூச்சு அடைபடுவதும் பலன். வெட்டும்போது வாயில் ஊற்றப்படும் தண்ணீரும் கஷாயமும் நுரையீரலுக்குள் போகும்.

இவ்வாறு எத்தனை குழந்தைகள் மாண்டன என்று கணக்கெடுக்கப் பழைய ஆவணங்கள் உதவா. ஆங்கில ஆட்சியின் இறப்புப் பதிவில் காலரா, பெரியம்மை, பிளேக்கு, சுரம், பேதி, சுவாச நோய், காயம் என்பவைபோன்ற சில கட்டங்களே இருந்தன. நிரப்பியவர் மருத்துவர் அல்லர், கிராம அதிகாரி. காரணம் தெரியாத சாவெல்லாம் 'சுரம்' என்ற கட்டத்தில் விழுந்தன. 1918இன் இன்ஃப்ளூயென்சா இந்தியாவில் ஒரு கோடியே இருபது இலட்சம் முதல் ஒரு கோடியே எண்பது இலட்சம் உயிர்வரை கொண்டுபோனதாக மதிப்பிடுகிறார்கள். பம்பாய் மாகாணத்தைவிடச் சென்னை மாகாணத்தில் சேதம் குறைவு. அந்தச் சாவுகளிலும் பெரும்பகுதி 'சுரம்' என்றே பதிவாயிற்று. சளியோடும் வலிப்போடும் போன பிள்ளைக்கு அந்த ஏட்டில் ஒரு தனிச்சொல்கூட இல்லை. அது இருந்த இடம் ஒப்பாரி.

மேலை மருத்துவமும் தன் பங்குக்கு ஓர் இரும்பை வைத்திருந்தது. பல் முளைப்பதே வலிப்புக்குக் காரணம் என்று கருதி ஈறுகளைக் கத்தியால் கீறுவது ஐரோப்பாவில் நெடுநாள் வழக்கம். வலிப்புக்கு 1857 முதல் புரோமைடு வந்தது. 1912 முதல் பீனோபார்பிட்டோன் வந்தது. நம் ஊர் மருந்துக்கடைகளில் கார்டினால் என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்டது இதுவே. ஒருமுறை காய்ச்சலில் வெட்டு வந்த குழந்தைக்கும் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் இதைக் கொடுப்பது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ வழக்கமாக இருந்தது. முயலகன் உள்ளே புகுந்துவிடுவான் என்ற அச்சத்தை மருத்துவரும் விட்டபாடில்லை.

அதை அசைத்தது 1976இல் அமெரிக்காவில் காரின் நெல்சனும் ஜோனாஸ் எல்லன்பெர்கும் வெளியிட்ட ஆய்வு. ஏறக்குறைய 54,000 கர்ப்பங்களைத் தொடக்கம் முதலே பின்தொடர்ந்த பெருந்திட்டம் ஒன்றிலிருந்து, காய்ச்சல் வலிப்பு கண்ட 1,706 குழந்தைகளைப் பிரித்தெடுத்து ஏழு வயதுவரை கவனித்தார்கள். அவர்களுள் பிற்பாடு தீரா வலிப்பு நோய்க்கு ஆளானவர் சுமார் 2 விழுக்காடு. காய்ச்சல் வலிப்பே வராதவரிடையே அது அரை விழுக்காடு. மிகுதிதான், ஆயினும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தப்பினார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியதால் பழைய கணக்குகள் பயங்கரமாக இருந்தன என்பது அப்போதுதான் விளங்கிற்று. 1978இல் அதே இருவர், இத்தகைய குழந்தைகளை அவர்களின் உடன்பிறந்தாரோடு ஒப்பிட்டு, அறிவுத்திறனில் வேறுபாடில்லை என்றும் காட்டினார்கள்.

மருந்தின் முறை 1990இல் வந்தது. பீனோபார்பிட்டோன் உண்ட குழந்தைகளின் அறிவுத்திறன் ஈராண்டு முடிவில் வெற்று மாத்திரை உண்டவரைவிடச் சராசரியாக 7 புள்ளி குறைந்திருந்ததையும், வலிப்பு மீண்டும் வருவதை அது குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை என்பதையும் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டிற்று. தானே தீருவதைத் தீர்க்கப்போய் இல்லாத குறையை உண்டாக்கியிருக்கிறார்கள்! அதன்பின் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், எளிய காய்ச்சல் வலிப்புக்குத் தொடர்மருந்து வேண்டாம் என்று 2008இல் விதித்தது. காய்ச்சல் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தாலும் அடுத்த காய்ச்சலில் வலிப்பு வருவதைத் தடுக்க முடியாது என்று 2009இல் பின்லாந்து ஆய்வொன்று காட்டியது. மகேந்திரவர்மனின் சுலோகத்தைப்போல மருத்துவத்தின் பட்டியலும் 'இன்றி, இன்றி' என்று நீண்டுகொண்டே போயிற்று.

காய்ச்சலைக் கொண்டுவருவது எது என்பதும் அந்த நூற்றாண்டில்தான் துலங்கியது. இன்ஃப்ளூயென்சா வைரசை 1933இல் மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தார்கள். கைக்குழந்தைகளுக்கு மூச்சிழுப்பு தரும் ஆர்எஸ்வி 1956இல் முதலில் சிம்பன்சிகளிடம் அகப்பட்டது. உடலெங்கும் சிவந்த தடிப்போடு தணியும் மூன்று நாள் காய்ச்சல், ஆறாம் வகை ஹெர்ப்பிஸ் வைரசால் வருவது என்பதை 1988இல் ஜப்பானியர் கண்டனர். அடினோ வைரசும் மெட்டாநிமோ வைரசும் இப்பட்டியலில் உள்ளவையே. வழக்கமான காய்ச்சல் வலிப்பில் இவை மூளைக்குள் புகுவதில்லை. தொண்டையிலும் மார்பிலும் நடக்கும் போரில் உடல் சுரக்கும் பொருள்களும் வெப்பமும், இன்னும் முதிராத மூளையின் மின்னோட்டத்தைச் சற்றுநேரம் குலைக்கின்றன. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ முன்பு வந்திருந்தால் வாய்ப்பு கூடும். 'குடும்பத்தில் உண்டு' என்ற பாட்டியின் சொல் இந்த ஓரிடத்தில் சரிதான். மேலை நாடுகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து குழந்தைகள். கோழிக்கோடு மாவட்டத்தில் செய்து 1997இல் வெளியான ஆய்வு ஏறத்தாழப் பத்து விழுக்காடு என்கிறது. ஒருமுறை வந்தவருள் மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வரும். கொரோனா பெருந்தொற்றின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது என்றிருந்த நிம்மதி 2022இல் ஓமிக்ரான் அலையில் குலைந்தபோது, ஹாங்காங் முதலிய இடங்களின் மருத்துவமனைகள் கண்டவற்றுள் காய்ச்சல் வலிப்பும் ஒன்று.

இவ்வளவும் படித்துவிட்டு, 'அப்படியானால் சும்மா இருந்துவிடலாமே' என்று சொல்லத் தோன்றும். செஞ்சிப் பக்கத்தில் அப்படிச் சொல்ல முடியாது. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் நோயாளிகளிடம் அடையாளம் காணப்பட்டது 1955இல், வடக்கே வட ஆர்க்காட்டு வேலூரில். சளியால் பரவுவதன்று அது. நெல்வயல் நீரில் பெருகும் கொசுவால் பரவுவது. காய்ச்சல், பிறகு வலிப்பு என்று அதே வரிசையில் தொடங்கும். ஆனால் வலிப்பு நின்றபின் குழந்தை விழிக்காது. கொல்லும், அல்லது மூளையைக் குலைத்துவிட்டுப் போகும். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரியும்வரை செஞ்சி அடங்கியிருந்த தென்னார்க்காடும் இந்நோயின் களம். விருத்தாசலம் பக்கத்து வயல்களில் கொசுக்களையும் குழந்தைகளின் இரத்தத்தையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். மூளைச் சவ்வுக் காய்ச்சலும் இப்படித்தான் வாசலில் நிற்கும். சாதாரண இன்ஃப்ளூயென்சாவே அரிதாக மூளையைத் தாக்கியதை 1990களில் ஜப்பான் கண்டது. நூற்றில் தொண்ணூறுக்கு மேல் தானே அடங்குவது. எஞ்சியதில் சில, ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்க முடியாதவை. இரண்டும் தொடங்கும்போது ஒரே முகம். பழைய நூலார் அத்தனை கிரகங்களுக்கும் தனித்தனிப் பெயர் தேடியதன் நெருக்கடி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இன்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது மிகச் சுருக்கமானது. ஒருக்களித்துப் படுக்கவை; வாயில் எதையும் வைக்காதே; இறுக்கிப் பிடிக்காதே; மணியைப் பார். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ, நின்றபின் குழந்தை தெளியாவிட்டாலோ 108ஐ அழை. முதல்முறை என்றால் நின்றுவிட்டாலும் அன்றே காட்டு. இதில் கடினமானது மணியைப் பார்ப்பது. வெட்டி இழுக்கும் பிள்ளையின் அருகே கையைக் கட்டிக்கொண்டு நிற்க எந்தத் தாயால் முடியும்? அந்தக் கைகளுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்ததால்தான் இரும்பு வந்திருக்கும். இப்போது சில மருத்துவர்கள், முடிந்தால் வீட்டில் ஒருவர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். எந்தக் கை முதலில் வெட்டியது, கண் எப்பக்கம் சென்றது, எத்தனை விநாடி என்பதெல்லாம் தாயின் வாய்மொழியைவிட அதில் தெளிவாக இருக்கிறதாம். மண்டகப்பட்டுச் சாலையில் உள்ள வீடுகளிலும் வலிப்பு வந்தால் சாவிக்கொத்தை ஒருவரும் கைபேசியை இன்னொருவரும் தேடுகிறார்கள்.